சுற்றினால்தானே கூலி என்றார்கள்

பீடி இலையை நனைத்து ஈரச்சாக்குக்குள் பொதிந்து வைத்துவிட்டால் அதற்கு ஒரு ராத்திரிதான் பொறுமை. விடிந்ததும் எடுத்து, தகட்டை வைத்து வெட்ட வேண்டும். வெட்டியதை அன்றைக்கோ மறுநாளோ சுற்றி முடிக்க வேண்டும். சுற்றியதைக் கட்டி, கடைக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும். இடையில் எங்கே தடங்கினாலும் பூசணம் பூத்துவிடும். ஊரடங்கு அறிவிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பீடிக்கடைக்குத் தெரியும். கம்பெனிக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. ஏதோ நடக்கப்போகிறது என்று ஊருக்குள் பேச்சு. முந்தின நாள்தான் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு முடிந்திருந்தது. உம்மா கடைக்குப் போய் மூன்று நாளைக்கான இலையையும் தூளையும் வாங்கி வந்து, அன்று இரவே பாதியை நனைத்தாள். மறுநாள் செவ்வாய். மேலப்பாளையத்தில் செவ்வாய் என்றால் ஆட்டுச் சந்தை கூட வேண்டிய நாள். அன்று மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுக்க 144 வந்தது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாடு முழுக்க 21 நாள் என்றார். சுற்றி முடித்த பீடி தட்டில் கிடக்கிறது, நனைத்த இலை சாக்கில் கிடக்கிறது, கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

உம்மாவுக்கு அப்போது அறுபது வயது. பதினொரு வயதில் தட்டை மடியில் வைத்தவள். வாப்பா தறி நெய்தவர். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம்தான் என்பார்கள். நான் பார்த்தது மூடிய தறிக்குழியை மட்டுமே. அதன்மேல் சிமெண்ட் பூசி, அந்த இடத்தில்தான் உம்மா உட்கார்ந்து பீடி சுற்றினாள். தறி ஓய்ந்த பிறகு மேலப்பாளையத்தை நிமிர்த்திப் பிடித்தது பெண்களின் பத்து விரல்கள். நானும் கல்யாணம் ஆகும்வரை சுற்றினேன். பிளஸ் டூ முடித்திருந்ததால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பி.எஃப். பாரம், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் பாரம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எழுதி எழுதித்தான் சட்டம் எனக்குக் கொஞ்சம் பழகியது. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இதில் படித்தது அதிகம்.

மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் வந்த உத்தரவு. தொழிற்சாலையோ கடையோ எதுவானாலும், மூடியிருக்கும் காலத்துக்கு முதலாளி தன் தொழிலாளிக்கு உரிய நாளில் பிடித்தம் இல்லாமல் கூலி கொடுக்க வேண்டும். குடியிருக்கும் தொழிலாளியிடம் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது. மீறினால் நடவடிக்கை. டி.வி.யில் இதை வாசித்தபோது எங்கள் தெருவே ஒரு நிமிஷம் மூச்சு விட்டது. நான் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். உம்மா உடனே கடைக்குப் போன் போடச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மூடின நாளுக்கும் கூலி உண்டுன்னு கவர்மெண்டு சொல்லிருக்காமே?"

அவர் சிரித்தார். கோபப்படாமல் சிரித்தார், அதுதான் வலித்தது. "ஏம்மா, நீங்க என்ன மாசச் சம்பளக்காரங்களா? சுத்தினாத்தானே கூலி. சுத்தலன்னா எதுக்குக் கூலி?"

அந்தக் கேள்விக்கு எங்களுக்காக இன்றுவரை எந்தச் சட்டமும் பதில் சொல்லவில்லை. நானும் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுற்றக்கூடாது என்று நாங்களா சொன்னோம்? கை இருந்தது, கத்தரி இருந்தது, தட்டு இருந்தது. இலை வரவில்லை. வரவேண்டிய இலையை நிறுத்தியது அரசாங்கம். சுற்றி வைத்ததை வாங்காமல் விட்டது கம்பெனி. இடையில் நின்றவளைப் பார்த்து, நீ வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

அடுத்த இரண்டாம் நாள், மார்ச் 31, எங்கள் ஊர் பெயர் டி.வி.யில் வந்தது. டெல்லியில் நடந்த மதக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல் தொற்று என்றார்கள். தினமும் மாலையில் சென்னையிலிருந்து கணக்கு வாசிப்பார்கள். அதில் 'சிங்கிள் சோர்ஸ்' என்று ஒரு வார்த்தை புதிதாக முளைத்தது. ஒரே இடத்திலிருந்து பரவியதாம். அந்த ஒரே இடம் என்றால் யார் என்று நாட்டுக்கே தெரியும். சாலைகளின் வாயில்களில் தடுப்பு வந்தது. அம்பாசமுத்திரம் ரோட்டுப் பக்கமும் அடைத்தாயிற்று, பஜார் திடலுக்குப் போகிற பாதையும் அடைத்தாயிற்று. பாளையங்கால்வாயில் தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடைத்ததை நான் குறை சொல்லவில்லை. பரவுகிற நோயை நிறுத்த வேறு வழி அப்போது யாருக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரு மருந்து தெளித்த மாநகராட்சித் தொழிலாளிகளை நாங்கள் மறக்கவில்லை. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களை இன்னும் துஆவில் சேர்க்கிறோம். ஊருக்காக ஒரு தெருவை அடைக்கலாம், சரி. அடைபட்ட தெரு ஊருக்காகப் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தக் கணக்கில் வருகிறது? நோய் வராமல் காப்பது எல்லோருக்குமான லாபம் என்றால் அதன் செலவையும் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டாமா?

அந்த நாட்களில் உம்மாவின் இருமல்தான் வீட்டில் பெரிய பயம். ஐம்பது வருஷம் புகையிலைத் தூளோடு உட்கார்ந்தவளுக்கு இருமல் வராமல் இருக்குமா? பீடி சுற்றுகிற வீடுகளில் இருமல் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஏப்ரலில் அதுவே குற்றமாகிவிட்டது. வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது உம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருப்பாள். கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து. தூள் இருமலுக்கும் கொரோனா இருமலுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரிடம் போய் விளக்குவது? இத்தனை வருஷம் இந்த இருமலுக்கு யாரும் வாசலுக்கு வந்ததில்லை.

வெளியே போனால் ஊர் பெயரைச் சொல்ல முடியவில்லை. எங்கள் மைனிக்கு அப்போது எட்டாவது மாதம். பாஸ் வாங்கி, ஆட்டோ பிடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், முகவரியைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. டாக்டர் இல்லை என்றார்கள். எச்சில் தொட்டுச் சுற்றுகிற பீடி, அதிலிருந்துதான் பரவுகிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதை, ஊரடங்கு தளர்ந்த பிறகு கடையில் ஓர் ஆள் உம்மா முகத்துக்கு நேராகவே சொன்னான். நாற்பத்தொன்பது வருஷம் அவள் விரல் பட்ட பீடியைத்தான் இந்த ஜில்லா ஆண்கள் வாயில் வைத்தார்கள். அப்போது அது எந்த மதத்து எச்சில் என்று யாரும் கேட்கவில்லை.

நீதிமன்றங்கள் பிறகு பேசின. டெல்லிக் கூட்டத்துக்கு வந்து தமிழ்நாட்டில் சிறையில் கிடந்த வெளிநாட்டுக்காரர்கள் பட்டது போதும் என்று 2020 ஜூன் மாதம் மதுரைக் கிளை வழக்கை முடித்து, அவர்களை ஊருக்கு அனுப்பச் சொன்னது. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, பேரிடர் வந்தால் பலியாடு தேடுகிற அரசியல் இது என்ற பொருளில் எழுதி, வழக்குகளை ரத்து செய்தது. வெளிநாட்டவர்களைத் தங்கவைத்தார்கள் என்று டெல்லியில் 70 இந்தியர்கள் மேல் போட்ட வழக்குகள் ரத்தாக 2025 ஜூலை வரை ஆயிற்று. ஐந்து வருஷம். பழி சுமத்த ஒரு சாயங்காலச் செய்தி போதுமாக இருந்தது.

அப்போது எங்களைக் கட்டிப்போட்ட சட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று 1897-இல் வெள்ளைக்காரன் எழுதிய தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் வந்தபோது அவசரமாகப் போட்டது. பிறக்கும்போது நான்கே பிரிவு. அரசு எதை வேண்டுமானாலும் விதிக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் யாரும் வழக்குப் போட முடியாது. மொத்தமே இவ்வளவுதான். அடைபட்டவனுக்குச் சோறு உண்டா, கூலி உண்டா என்பது அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. வெள்ளைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லாதது ஆச்சரியமில்லை. 2020 ஏப்ரல் 22-இல் நம் அரசு அதை அவசரச் சட்டத்தால் திருத்தியது. மருத்துவர்களையும் நர்ஸ்களையும் தாக்கினால் கடும் தண்டனை என்று சேர்த்தார்கள். தேவையான திருத்தம்தான். பேனா கையில் இருந்தது, தாளும் விரித்திருந்தது. அடைபட்டவனுக்காக இன்னும் ஒரு வரி எழுத மை இல்லாமல் போயிற்றா?

இன்னொன்று 2005-இன் பேரிடர் சட்டம். சுனாமிக்குப் பின் வந்தது. அப்போது இதில் ஒரு வரி இருந்தது, அதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். 12-வது பிரிவு. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன நிவாரணம் என்று தேசிய ஆணையம் வகுத்துச் சொல்ல வேண்டும் என்றது அது. அதில் உயிரிழப்புக்கு உதவி, வீடு சேதத்துக்கு உதவி, பிழைப்பை மீட்டெடுக்க உதவி என்று மூன்றும் வந்தன. உயிரிழப்பு உதவிக்கே உச்சநீதிமன்றம் 2021 ஜூன் 30-இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று வந்தது. பிழைப்பு என்ற சொல்லை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. அதே சட்டத்தில் தண்டனைப் பக்கம் மட்டும் ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாக வாசிக்கப்பட்டது.

கொடுத்ததை மறைக்கக்கூடாது. ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. அரிசி வந்தது. நோன்பு ஏப்ரல் 25-இல் பிறந்தது, பள்ளிவாசல் பூட்டியிருந்தது, கஞ்சி அரிசியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜமாஅத்துப் பையன்கள் ராப்பகலாக ஓடினார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் ஓடும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். குழுக்கடன் தவணைக்காரர் போனில் வந்துகொண்டே இருந்தார். ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னதை நான் அவருக்கே படித்துக் காட்டினேன். "வட்டி ஓடும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று எந்த ஏழை சொல்வான்?

அப்புறம் பி.எஃப். கொரோனாவுக்காக உங்கள் கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், அல்லது மூன்று மாதச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மார்ச் கடைசியில் அறிவித்தார்கள். என் சொந்தக் காசை நான் பசியில் கிடக்கிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பெயர் நிவாரணம். அதுகூட உம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஆதாரில் பீவி, பி.எஃப். கணக்கில் பீபி. பிறந்த வருஷமும் இரண்டிலும் வேறு. திருத்தக் கம்பெனி கையெழுத்து வேண்டும். கம்பெனி பூட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே கதை. மீதிப் பேரில் பலருக்குக் கணக்கே இல்லை. ஒருத்தி பெயரில் உள்ள பாஸ்புக்கில் மூன்று பேர் சுற்றிப் போட்டவர்கள். இதெல்லாம் கடைக்குத் தெரிந்தே நடப்பது.

இந்த பி.எஃப். எப்படி வந்தது தெரியுமா? 1977-இல் பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதியை நீட்டினார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளியே இல்லை, அவளை நாங்கள் மேற்பார்வை பார்ப்பதில்லை என்று முதலாளிகள் உச்சநீதிமன்றம்வரை போனார்கள். 1985-இல் தீர்ப்பு. பி.எம்.பட்டேல் வழக்கு என்பார்கள். நீதிபதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: அவள் சுற்றிக் கொண்டுவரும் பீடியைத் தரமில்லை என்று கழித்துப்போட உனக்கு அதிகாரம் இருக்கிறது அல்லவா? அந்த அதிகாரமே மேற்பார்வைதான், ஆகவே அவள் உன் தொழிலாளிதான் என்றார்கள். இதை முதல்முறை வாசித்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆயுசு முழுக்க உம்மாவை அழவைத்தது அந்தக் கழிவுதான். கடைக்காரர் பீடிக் கட்டை உதறி, இது தொளதொளப்பு, இது குட்டை என்று ஒதுக்கி உடைத்துப் போடும்போதெல்லாம் அவள் வாய்க்குள் அழுதிருக்கிறாள். ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது, அதற்கான இலைக்கும் அவள்தான் பொறுப்பு. அந்த அவமானம்தான் சட்டத்தின் கண்ணில் அவளைத் தொழிலாளியாக ஆக்கியிருக்கிறது. வேலை இருக்கிற நாளில் கழித்துப்போட அவள் உன் தொழிலாளி. வேலை நின்ற நாளில் மட்டும் அவள் யாரோ.

தொழிற்சாலைக்குள் வேலை பார்ப்பவருக்கு இந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. மூலப்பொருள் வராமலோ இயற்கைப் பேரிடராலோ முதலாளி வேலை கொடுக்க முடியாமல் போனால் அதற்கு 1947-இன் தொழில் தகராறு சட்டத்தில் 'லே-ஆஃப்' என்று பெயர் இருந்தது. ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றில் பெயர்ப்பட்டியலில் உள்ளவருக்கு அந்த நாட்களுக்குப் பாதிக் கூலி. அதாவது, சுற்றினால்தானே கூலி என்ற தத்துவம் சட்டத்துக்கே புதிது; வேலை வராதது தொழிலாளியின் தப்பில்லை என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு நடை தொழிற்சாலை இல்லையாம். கம்பெனி கட்டடம் கட்டவில்லை, கரண்ட் பில் கட்டவில்லை, எங்கள் வீட்டையே பட்டறை ஆக்கிக்கொண்டது. அந்த லாபத்தோடு லாபமாக, இந்தப் பாதிக் கூலியும் அதற்கு மிச்சம்.

மே 18-இலிருந்து மார்ச் 29 உத்தரவு இல்லை என்று ஆக்கினார்கள். ஐம்பது நாள் அது உயிரோடு இருந்தது. அதற்குள்ளேயே முதலாளிகள் உச்சநீதிமன்றத்தில் நின்றார்கள். ஜூன் 12-இல் நீதிமன்றம் சொன்னது: கொடுக்காதவர் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், அந்த நாட்களுக்கான கூலியை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளி இல்லாமல் தொழில் இல்லை என்றும் தீர்ப்பில் நல்ல வார்த்தை இருக்கிறது. மரியாதையோடு கேட்கிறேன்: எப்படிப் பேசுவது? யாரிடம் பேசுவது? உம்மா கம்பெனி முதலாளியைப் பார்த்ததே இல்லை. அவர் படம்கூடப் பார்த்ததில்லை, பீடி லேபிளில் உள்ள படம்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தது கடைக்காரர். கடைக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் கம்பெனியைக் காட்டுவார். பசியோடு இருப்பவளையும் பூட்டுச்சாவி வைத்திருப்பவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, சமமாகப் பேசுங்கள் என்றால், எழுந்து போகக்கூடியவர் அவர் ஒருவர்தானே?

பேசினோம். கடை திறந்த அன்று உம்மாவும் லாத்தாவும் நானும் போய்ப் பேசினோம். மூடிய நாளுக்கு ஒன்றும் இல்லை என்றார். தட்டில் இருந்த பழைய பீடியைக் காய்ந்துவிட்டது என்று பாதியைக் கழித்தார். அதற்கப்புறம் கணக்கைப் புரட்டினார். மார்ச் 23-இல் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் சரியாகப் பீடி வரவில்லையே என்றார். பூசணம் பூத்த இலையைச் சாக்கோடு கொண்டுபோய்க் கொட்டிக் காட்டினாள் உம்மா. கடை முழுக்க அந்த நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் எழுதியது இரண்டே வார்த்தை: இலை பாக்கி. அடுத்த மூன்று வாரக் கூலியில் அதைப் பிடித்தார்கள். பிடித்தம் இல்லாமல் கூலி என்ற உத்தரவு இப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே நாங்கள் இப்படிக் கிடந்தபோது, வடக்கே அரசுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஏப்ரல் 17-இல் குஜராத், நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்றது. உத்தரப் பிரதேசம் மூன்று வருஷத்துக்குத் தொழிலாளர் சட்டங்களையே ஒதுக்கிவைக்க அவசரச் சட்டம் கொண்டுவர முடிவெடுத்தது. நோய் மனுஷனுக்கு வந்தது; ஐ.சி.யு.வில் போட்டது சட்டத்தை.

குஜராத் விஷயத்தில் உச்சநீதிமன்றம் அக்டோபர் 1-இல் குறுக்கே நின்றது. தொழிற்சாலைச் சட்டத்தில் 'பொது அவசரநிலை' என்றால் போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம். பெருந்தொற்று அதில் சேராது, அதன் சுமையைத் தொழிலாளி முதுகில் ஏற்ற முடியாது என்று அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. செய்தி வாசித்து முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர். நம்மையும் நினைத்துப் பார்க்க யாரோ இருக்கிறார்கள் என்று.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், செப்டம்பர் 22, 23 தேதிகளில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. எதிர்க்கட்சி இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருந்தபோது. அவற்றில் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு பிரிவு: பொது அவசரநிலையோ பேரிடரோ பெருந்தொற்றோ வந்தால், எந்த வேலை இடத்துக்கும் இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் அரசு விலக்குக் கொடுக்கலாம், ஒரு தடவைக்கு ஓராண்டு வரை. பெருந்தொற்று சேராது என்று நீதிமன்றம் சொல்வதற்குள், சேர்த்து எழுதி வைத்துவிட்டார்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இன்னொன்று: பெருந்தொற்று வந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்ட வேண்டியதை மூன்று மாதம்வரை தள்ளிவைக்கலாம், குறைக்கலாம்.

ஆக, அந்த ஒரு வருஷத்து நோயிலிருந்து நம் சட்டம் கற்றுக்கொண்டது இது. அடுத்த தடவை நோய் வந்தால் முதலாளி எந்த வாசல் வழியாக வெளியேறலாம் என்று இரண்டு வாசல் திறந்தாயிற்று. அடைபட்ட தெருவில் இருப்பவளுக்குக் கூலி உண்டு என்று ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. மார்ச் 29 உத்தரவின் நிழலைக்கூடச் சட்டத்துக்குள் விடவில்லை.

2025 நவம்பர் 21-இலிருந்து நான்கு தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் போயின. போனவற்றில் எங்களுடையதும் ஒன்று: பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1966. அதில் 39-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. இலை, தூள் கொடுப்பதில் தகராறு, பீடியைக் கழிப்பதில் தகராறு, கழித்த பீடிக்குக் கூலி கேட்கும் தகராறு, இந்த மூன்றையும் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க மாநில அரசு ஓர் அதிகாரியை வைக்க வேண்டும் என்றது அது. எங்கள் வாழ்க்கையை அறிந்தவர் யாரோ எழுதிய பிரிவு. உம்மாவின் இலை பாக்கி அச்சு அசலாக அந்தத் தகராறுதான். புதிய தொகுப்பில் பீடிக்கென்று ஒதுக்கியிருப்பது நான்கு பிரிவு. லைசென்ஸ், அதற்கு மேல்முறையீடு, வெளியே கொடுத்துச் சுற்றவைக்க அனுமதி, சொந்தமாகச் சுற்றுகிறவருக்கு இது பொருந்தாது என்ற விலக்கு. அந்த 39-ஐத் தேடித் தேடிப் பார்த்தேன். காணோம்.

பழைய சட்டம் இருந்தபோது மட்டும் எல்லாம் கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கவில்லைதான். ஆனால் காட்டிக் கேட்க ஒரு தாள் இருந்தது. கடைக்காரரிடம் நான் மனு எழுதுவேன் என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு படி இறங்கும். அந்த ஒரு படிக்கு என்ன விலை என்று மாத முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புரியாது.

ஏற்கெனவே ஒன்று போயிருந்தது. பீடி உற்பத்தியில் வசூலித்து எங்கள் நலநிதிக்குப் போட்ட செஸ் வரியை, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்தக் காசின் பெயரில் வந்தவை. இனி பட்ஜெட்டிலிருந்து தருவோம் என்றார்கள். உரிமையாக வந்தது தயவாக மாறிப்போனது.

மாற்ற முடியாது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்றன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. பத்தே நாளில், மே 1-ஆம் தேதி, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நின்றவர்களுக்குக் கேட்டது கிடைத்தது. எங்களால் அப்படி நிற்க முடியாமல் போவதற்குக் காரணம், நாங்கள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நடையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறோம். கம்பெனி எங்களைப் பிரித்து வைத்தது வாடகையை மிச்சம் பிடிக்க மட்டுமே என்று நான் நினைக்கவில்லை.

சென்னையில் விதி எழுதுகிற ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்களிடம் இரண்டு வரிதான் கேட்கிறேன். இலை, தூள், கழிவு, இந்தத் தகராறை விசாரிக்க ஓர் அதிகாரி உண்டு என்று பழையபடி ஒரு வரி. அரசு உத்தரவால் இலை வராமல் போன நாட்களுக்கு, முந்தின மூன்று மாதம் அவள் சுற்றிய சராசரியைப் பார்த்துப் பாதிக் கூலியாவது உண்டு, அதில் அரசும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு வரி. கணக்கு எங்கே என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் பீடிக்கும் கடையில் கணக்கு இருக்கிறது. எங்களைக் கழிக்க வைத்திருக்கிற அதே நோட்டு போதும். அடுத்த நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்த பிறகு எழுதாதீர்கள்.

உம்மா இப்போது சுற்றுவதில்லை. கை நடுங்குகிறது, இருமல் நிற்கவில்லை. பாஸ்புக்கைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். 2020 மார்ச் 23-க்குக் கீழே ஒரு நீளக் கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முதல் வரி, இலை பாக்கி.